ரொமான்டிக் ரோடு: வாடகைக் காரில் இருவராகப் போனால் எது தேறும், எது தேறாது

தெற்கு ஜெர்மனியில், மைன் நதிக்கரையில் இருக்கும் வூர்ட்ஸ்பர்க் நகரில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபூசனில் முடிகிற சுமார் 460 கிலோமீட்டர் பாதைக்கு ‘ரொமான்டிக் ரோடு’ என்று 1950-ல் பெயர் வைத்தார்கள். போருக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கச் செய்த ஏற்பாடு அது. அதற்கென்று தனியாக ரோடு எதுவும் போடவில்லை. ஏற்கெனவே கிடந்த கிராமச் சாலைகளையும் நெடுஞ்சாலைத் துண்டுகளையும் கோத்து, வழிநெடுகப் பழுப்புப் பலகை நட்டார்கள், அவ்வளவுதான். அதனால் இதை வெறும் சாலையாக எடைபோட்டால் கணக்கு தப்பும். வாடகைக் கார், தங்குமிடம், பார்க்கிங், நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்ந்த ஒரே சேவையாகப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எங்கள் தீர்ப்பு இது: வடக்குப் பாதிக்கு ஐந்துக்கு ஐந்து. நடுவில் நோர்ட்லிங்கனுக்கும் ஐந்து. ஆக்ஸ்பர்க்குக்குத் தெற்கே சாலைக்கு இரண்டரை, வீஸ் தேவாலயத்துக்கு ஐந்து. எல்லோரும் எதற்காகக் கிளம்புகிறார்களோ அந்த நொய்ஷ்வான்ஷ்டைன் அரண்மனைக்கு வெளியே நான்கு, உள்ளே இரண்டு. ‘மூன்று நாளில் முழுப் பாதை’ என்று விற்கப்படும் திட்டங்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகின்றன. வடக்கை ஓட்டமாகக் கடந்து, கடைசி நாள் முழுவதையும் அரண்மனை வரிசைக்குக் கொடுக்கின்றன. நான்கு இரவு, ஐந்து பகல் இருந்தால்தான் இந்தப் பாதை கொடுக்கிற பணத்துக்கு ஈடாகும். அதற்கும் குறைவென்றால் ரோத்தன்பர்க்கிலிருந்து நோர்ட்லிங்கன் வரை மட்டும் போய் வாருங்கள், நஷ்டமில்லை.

முதலில் கார். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் எடுத்து மியூனிக்கில் விடுவதுதான் வசதி. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வூர்ட்ஸ்பர்க் சுமார் 120 கிலோமீட்டர். முடிவில் ஃபூசனிலிருந்து மியூனிக் நகரமும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்கான கட்டணம் ஜெர்மனிக்குள் பெரும்பாலும் சிறிது, சில நேரம் இருக்கவே இருக்காது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் விடுகிறேன் என்றால் அதே கட்டணம் பல நூறு யூரோவுக்கு எகிறும். ஊருக்குள் இருக்கும் கிளை அலுவலகங்கள் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். ஞாயிறு பெரும்பாலும் திறப்பதே இல்லை. விமான நிலையக் கிளைக்குக் கூடுதல் கட்டணம் உண்டென்றாலும், வார இறுதியில் வந்து இறங்குபவர்களுக்கு வேறு வழியில்லை.

கவுன்ட்டரில் தம்பதிகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. முன்பதிவு மனைவி பெயரில், கிரெடிட் கார்டு கணவர் பெயரில் என்று இருந்தால் காரைத் தர மாட்டார்கள். முன்பணம் பிடித்து வைக்கும் கார்டு, முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. இருவரும் மாறி மாறி ஓட்டுவதானால் இரண்டாவது ஓட்டுநரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு அவரும் அசல் உரிமத்தோடு நேரில் நிற்க வேண்டும், நாள் கட்டணமும் உண்டு. அதை மிச்சம்பிடிக்கலாம் என்று பெயர் சேர்க்காதவர் ஓட்டி, ஒரு கீறல் விழுந்தால் காப்பீடு மொத்தமும் கை கழுவிவிடும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி தனியாகச் செல்லாது; ஊரில் வாங்கிய அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

வண்டியின் அளவில் பேராசை வேண்டாம். இருவருக்கும் இரண்டு நடுத்தரப் பெட்டிக்கும் சிறிய ஹேட்ச்பேக் போதும். இந்த ஊர்களின் கோட்டை வாசல்கள் மாட்டுவண்டிக் காலத்து அகலம். ‘இலவசமாகப் பெரிய வண்டிக்கு மாற்றித் தருகிறோம்’ என்று கவுன்ட்டரில் சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடலாம். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கியர் போட்டு ஓட்டுகிற வண்டி வரலாம். இடது கையால் கியர் போட்டுப் பழகியவர் வலது கையால் போட வேண்டியிருக்கும். சாலையின் பக்கம், கை, கண்ணாடி எல்லாம் ஒரே நாளில் மாறும்போது கியரையாவது மூளையிடமிருந்து எடுத்துவிடுவது நல்லது. கூடுதல் கட்டணம் கொடுக்கத் தகும் ஒரே வசதி இதுதான்.

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு வரும் சிக்கல் எல்லோரும் பயப்படுகிற இடத்தில் வருவதில்லை. போக்குவரத்து நெரிசலில் யாரும் தவறான பக்கம் போவதில்லை. முன்னால் போகும் வண்டியே வழி காட்டிவிடும். காலையில் காலியான விடுதி வாசலிலிருந்து வெளியே திரும்பும்போதும், பெட்ரோல் பங்க்கை விட்டுக் கிளம்பும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரை ஓட விடுவது முதல் நாள் முழுக்க நடக்கும்; அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கெடுவது வலப்பக்க டயர். ஓட்டுநர் இடப்பக்க இருக்கையில் இருப்பதால் சாலையின் நடுக்கோடு அவருக்குப் பக்கத்தில் தெரியும், எதிர் வண்டி உரசிவிடும்போல் இருக்கும். அதிலிருந்து விலக, தன்னையறியாமல் வண்டியை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே போவார். ஊருக்குள் வந்ததும் வலப்பக்க முன்சக்கரம் கருங்கல் விளிம்பில் தேயும், ரிம்மில் கீறல் விழும், சில சமயம் டயரின் பக்கச்சுவர் வெடிக்கும். அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராத பொருட்கள் எவை என்று பார்த்தால் டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம். சரியாக எது அடிபடுமோ அதுதான் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அதனால் ‘கைப்பொறுப்புத் தொகை (சேதமானால் நாம் கட்ட வேண்டிய பங்கு) பூஜ்யம்’ என்ற வரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், இந்த நான்கும் சேர்ந்திருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் வேலை இருக்கிறது: முதல் இரண்டு நாள் வரைபடத்தைவிட வலப்பக்க விளிம்பைப் பார்த்து “கொஞ்சம் இடது” என்று சொல்வது. அதைக் குறைசொல்வதாக எடுத்துக்கொள்ளாத ஓட்டுநர் வாய்த்தால் பாதிப் பயணம் வெற்றி.

கிளம்புமுன் நான்கு ரிம்மையும், முன் பின் பம்பரின் கீழ் விளிம்பையும், கூரையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரதிபலிப்புச் சட்டை, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருப்பது அந்நாட்டுச் சட்டம். டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். முன்கண்ணாடியில் பச்சை வட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆக்ஸ்பர்க் நகர மையம் மாசுக் கட்டுப்பாட்டு வளையம், அந்த ஸ்டிக்கர் இல்லாமல் நுழையக் கூடாது.

சாலை விதிகளில் மூன்று மட்டும் தலையில் நிற்க வேண்டும். ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டிய நொடியிலிருந்து வேகம் 50. தனியாக 50 என்று எழுதிய பலகை வராது. ஊர்ப்பெயரே அந்தப் பலகை. அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டு வந்தால் ஊர் முடிந்தது, 100 வரை போகலாம். அடுத்தது, மஞ்சள் வைரம் போன்ற பலகை இருக்கும் வரை உங்களுக்கு முன்னுரிமை. அது இல்லாத கிராமத்துச் சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி, அவர் வருவது சந்துக்குள்ளிருந்து வரும் டிராக்டராக இருந்தாலும் சரி. உள்ளூர்க்காரர்கள் இதை நம்பி நிறுத்தாமல் வருவார்கள். மூன்றாவது, சைக்கிள்காரரைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். டௌபர் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணிகள் ஏராளம். இடம் இல்லையென்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான். வேகக் கேமராவில் சிக்கினால் அபராதம் வீடு தேடி வரும். அதற்கு முன்பே, உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கான கட்டணம் என்று வாடகை நிறுவனம் தனியாக ஒரு தொகையைக் கார்டில் எடுத்துவிடும்.

இந்தப் பாதையைப் பலரும் ஓட்டாமலேயே ஓட்டி முடிப்பதற்குக் காரணம் போனில் இருக்கும் வரைபடம். வூர்ட்ஸ்பர்க்கில் நின்று ‘ரோத்தன்பர்க்’ என்று போட்டால் ஏ7 நெடுஞ்சாலையில் ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். அதே ஏ7 தெற்கே ஃபூசன் வரை போய்த்தான் முடிகிறது. ஆகவே பழுப்புப் பலகைப் பாதைக்கு ஏறக்குறைய இணையாக ஓடி, ‘இங்கே வா’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையைத் தவிர் என்ற அமைப்பை மட்டும் போட்டாலும் தேறாது, வேறு குறுக்குச்சாலையைக் காட்டும். ஊர்களை ஒவ்வொன்றாக இடைநிறுத்தமாகக் கொடுக்க வேண்டும்: வூர்ட்ஸ்பர்க், டௌபர்பிஷோஃப்ஸ்ஹைம், பாட் மெர்கென்ட்ஹைம், வைக்கர்ஸ்ஹைம், ரோட்டிங்கன், கிரெக்லிங்கன், ரோத்தன்பர்க். சுமார் 100 கிலோமீட்டர் வரும், ஒரு முழுப் பகல் எடுக்கும். பழுப்புப் பலகையை மட்டும் நம்பிப் போகலாமா என்றால், போகலாம். ரவுண்டானாவில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரப் பத்து கிலோமீட்டர் ஆகும். சில பலகைகளில் ஜெர்மன் மொழிக்குக் கீழே ஜப்பானிய எழுத்து இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இந்தப் பாதைக்கு ஜப்பானில் அத்தனை ரசிகர்கள்.

வூர்ட்ஸ்பர்க்கில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் நேரம் இருந்தால் ரெசிடென்ஸ் அரண்மனையின் மாடிப்படிக்கட்டு. பல்தாசர் நொய்மன் கட்டிய அந்தக் கூரை ஒரு தூண்கூடத் தாங்காமல் நிற்கிறது. அதன் முழுப் பரப்பிலும் இத்தாலிய ஓவியர் டியபோலோ 1752, 53 ஆண்டுகளில் தீட்டிய ஓவியம். 1945 மார்ச் 16 இரவு குண்டுவீச்சில் நகரமே எரிந்தபோது இந்தக் கூரை இடிந்துவிழவில்லை. படியில் பாதி ஏறி, திரும்பி நின்று மேலே பாருங்கள். ஐரோப்பாவைக் காட்டும் பக்கத்தின் விளிம்பில், பீரங்கி மேல் ஓய்வாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் நொய்மன். கட்டியவரையே கூரையில் உட்கார வைத்துவிட்டார்கள். காரை நகருக்குள் கொண்டுபோய் அலையாமல் முதல் நாளே பார்க்கிங்கில் விட்டு நடப்பது நல்லது.

டௌபர் பள்ளத்தாக்குதான் இந்தப் பயணத்தின் நிஜமான சாலை. திராட்சைத் தோட்டச் சரிவு ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம், எதிரே வண்டி வந்தால் இருவரும் கொஞ்சம் மெதுவாக வேண்டிய அகலம். வைக்கர்ஸ்ஹைம் அரண்மனையில் கூட்டமே இருக்காது. அங்கே பெரிய மண்டபத்தின் சுவர்களிலிருந்து மான்களும் பிற விலங்குகளும் சுதையாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், நடுவே ஒரு யானையும் உண்டு. செய்தவருக்கு யானையோடு நேர்ப்பழக்கம் இல்லை என்பது நம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். கிரெக்லிங்கனுக்கு வெளியே வயல் நடுவில் இருக்கும் சிறிய ஹெர்காட்ஸ்கிர்ஹே தேவாலயத்தில், டில்மன் ரீமென்ஷ்னைடர் 1500-களின் தொடக்கத்தில் லிண்டன் மரத்தில் செதுக்கிய மரியாள் பீடம் இருக்கிறது. வண்ணம் பூசாத மரம். ஆடை மடிப்பின் ஓரத்தில் உளி நின்ற இடம்கூடத் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குளிர்காலத்தில் திறக்கும் நேரம் குறைவு, முன்பே பார்த்துக்கொண்டு போங்கள்.

ரோத்தன்பர்க்கைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள்: சொர்க்கம், அல்லது சுற்றுலாக் கடைத்தெரு. இரண்டும் உண்மை, மணி மட்டும்தான் வேறு. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை பேருந்துகளில் வந்து இறங்குபவர்களின் ஊர் அது. அதற்குப் பிறகு தங்குபவர்களுக்கு மட்டும். ஆகவே மதியம் வந்து சாயந்திரம் கிளம்பும் திட்டத்துக்கு எங்கள் மதிப்பெண் ஒன்று. இரவு தங்கினால் ஐந்து. பழைய நகருக்குள் குறிப்பிட்ட நேரங்களில் வெளிக் கார்கள் நுழைய முடியாது. விடுதியில் அறை எடுத்தவர்கள் பெட்டியை இறக்க உள்ளே போகலாம், ஆனால் எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்குள் என்பதை விடுதியிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். மற்றவர்களுக்கு மதிலுக்கு வெளியே பி1 முதல் பி5 வரை கட்டணப் பார்க்கிங். அறை எடுக்குமுன் ‘பார்க்கிங் உண்டா’ என்று கேட்டால் ‘உண்டு’ என்பார்கள். ‘விடுதியிலேயே உண்டா, எத்தனை மீட்டர் தூரம், ஒரு இரவுக்கு எவ்வளவு’ என்று கேட்க வேண்டும்.

1945 மார்ச் 31 குண்டுவீச்சில் இந்த ஊரின் ஏறக்குறைய 40 சதவீதம் அழிந்தது. மதிலைத் திரும்பக் கட்ட உலகமெங்கும் இருந்து பணம் கொடுத்தவர்களின் பெயர்க் கற்கள், மதில் மேல் நடக்கும்போது தோள் உயரத்தில் வந்துகொண்டே இருக்கும். கூரை போட்ட நடைபாதை. உயரமானவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய இடங்கள் உண்டு, மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். யாகோப் தேவாலயத்துக்குள் டிக்கெட் எடுத்துப் போகும் பலர் முன்பீடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். ரீமென்ஷ்னைடரின் புனித ரத்தப் பீடம் கீழே இல்லை. மேற்குப் பக்கம் படியேறி மாடத்துக்குப் போக வேண்டும். கடைசி விருந்துக் காட்சியின் நடுவில் இயேசுவுக்குப் பதில் யூதாஸ் நிற்கிறார். பீடத்தின் பின்னால் சிறு ஜன்னல்கள் வைத்திருப்பதால் மரத்தின் உள்ளே வெளிச்சம் நகரும். கடைகளில் பந்துபோல் குவித்திருக்கும் ‘பனிப்பந்து’ பலகாரத்தை இருவருக்கும் சேர்த்து ஒன்றே வாங்குங்கள். பொரித்த மாவு நாடாதான் அது. கண்ணுக்கு இருக்கும் ருசி நாக்குக்கு இல்லை.

ரோத்தன்பர்க்கில் இரண்டு இரவு தங்குவதற்குப் பதில் ஒரு இரவை 50 கிலோமீட்டர் தெற்கே டிங்கல்ஸ்ப்யூலுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். அறை வாடகையும் இறங்கும், பகலிலும் ஊர் ஊராகவே இருக்கும். மதில் மேல் ஏற முடியாது, அகழியை ஒட்டி வெளிப்பக்கமாகச் சுற்றி வரலாம். 1448 முதல் 1499 வரை கட்டிய கியோர்க் தேவாலயத்தின் உட்கூரை வளைவுகள் அண்ணாந்து பார்க்கத் தகுந்தவை. ஒரு குறை: இங்கிருந்து டோனாவோர்த் வரை பாதை பி25 சாலையில் போகிறது, அதில் லாரிகள் விடாமல் ஓடும். இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தாண்ட முயலாமல் போவதே மேல். அடுத்த ஊர் எப்படியும் இருபது நிமிடத்தில் வந்துவிடும்.

நோர்ட்லிங்கன்தான் இந்தப் பாதையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் ஊர். சுமார் 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்குள் இது உட்கார்ந்திருக்கிறது. நெடுங்காலம் எரிமலை வாய் என்றே நினைத்தார்கள்; 1960-ல் யூஜின் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் இங்கத்துப் பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டு விண்கல் மோதல் என்று நிரூபித்தார்கள். 1970-ல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் நிலவுப் பாறையை இனம்காணப் பயிற்சி எடுத்ததும் இங்கேதான். தேவாலயக் கோபுரத்தின் பெயர் டேனியல், 90 மீட்டர் உயரம், 350 படி, மேலே போகும்போது படிகள் மரமாகிக் குறுகும். ஏறுமுன் அடிவாரத்தில் ஒரு நிமிடம் நின்று சுவரைக் கிட்டே பாருங்கள். சாம்பல் நிறக் கல்லில் கறுப்பாக, நாவல் விதை அளவில் திட்டுத் திட்டாக இருப்பது மோதலில் உருகி உறைந்த கண்ணாடி. அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்களும் உண்டு. மோதலின் அழுத்தத்தில் கரி வைரமானது. உச்சியிலிருந்து பார்த்தால் வட்டமான மதில், அதற்குள் சிவப்புக் கூரைகள், தூரத்தில் பள்ளத்தின் விளிம்பாக நிற்கும் குன்றுகள் என்று வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். மதிலைச் சுற்றி மேலேயே 2.7 கிலோமீட்டர் நடந்து வரலாம். காசு இல்லை, கூட்டம் இல்லை.

இங்கும் மற்றச் சின்ன ஊர்களிலும் பார்க்கிங் இலவசமாக இருக்கும் இடத்தில் நீலக் கடிகார அட்டை வைக்க வேண்டும். வந்த நேரத்துக்கு அடுத்து வரும் அரை மணியில் முள்ளை வைப்பது விதி. 10.10-க்கு வந்தால் 10.30, 10.35 என்றால் 11. சரியாக 10.10 என்று வைப்பது நேர்மை, ஆனால் தவறு. அட்டை வண்டியின் கதவுப் பையிலோ டேஷ்போர்டு பெட்டியிலோ கிடக்கும். இல்லையென்றால் பெட்ரோல் பங்க்கில் சில யூரோவுக்குக் கிடைக்கும்.

பங்க்கில் முதலில் நிரப்பி, பம்ப் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கைப்பிடியைத் தொடாதீர்கள். டீசல் முனை தடிமன், பெட்ரோல் வண்டியின் வாயில் அது நுழையாது. ஆனால் பெட்ரோல் முனை மெல்லியது, டீசல் வண்டிக்குள் தாராளமாகப் போய்விடும். போய்விட்டால் ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே நிறுத்தி நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். ஓட்டினால் செலவு பல மடங்கு, காப்பீடும் வராது.

ஹார்பர்க் கோட்டையைக் கவனிக்காமல் விட்டுவிடுவது சுலபம். பி25 கோட்டைக் குன்றுக்கு அடியில் சுரங்கப்பாதையாகப் போய்விடும், வெளியே வந்தால் ஊர் பின்னால் போயிருக்கும். சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து போக வேண்டும். டோனாவோர்த்திலிருந்து ஆக்ஸ்பர்க், அங்கிருந்து லேண்ட்ஸ்பெர்க் வரை வேகச்சாலை, தட்டையான நிலம், தொழிற்பேட்டைகள். இதில் அழகு தேட வேண்டாம், கடந்துவிடுங்கள். ஆக்ஸ்பர்க்கில் ட்ராம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டாமல் வண்டியை ஓரிடத்தில் போட்டுவிட்டு ஃபுக்கரையைப் பாருங்கள். 1521-ல் யாகோப் ஃபுக்கர் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு. இன்றும் ஆட்கள் வாழ்கிறார்கள். ஆண்டு வாடகை 88 சென்ட், கூடவே நாளொன்றுக்கு மூன்று பிரார்த்தனை.

தங்குமிடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர்களில் உணவகத்தோடு சேர்ந்த குடும்ப விடுதிகள்தான் நல்லவை, காலை உணவு பெரும்பாலும் வாடகையில் அடக்கம். பழைய மரச்சட்ட வீடுகளில் லிஃப்ட் இருக்காது, மூன்றாவது மாடி என்றால் பெட்டியோடு மூன்றாவது மாடிதான். ஒவ்வொரு உணவகத்துக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுமுறை உண்டு, பெரும்பாலும் திங்களும் செவ்வாயும். சின்ன ஊர்களில் சமையலறை ராத்திரி எட்டரை ஒன்பதுக்கு அடுப்பை அணைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ரொக்கம் கையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கைகொடுப்பது கேஸ்ஷ்பேட்ஸ்லே. பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் சேர்த்த மாவுத்துண்டு. உருளைக்கிழங்கு சாலட் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், இந்தப் பக்கத்தில் அதை இறைச்சிச் சாற்றில் ஊறவைப்பது வழக்கம். மவுல்டாஷன் என்ற பூரணம் வைத்த மாவுப் பொதிக்குள்ளும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். “இறைச்சி இல்லையா?” என்று கேட்டால் போதாது, “சாறும் இல்லையா?” என்று சேர்த்துக் கேளுங்கள்.

லேண்ட்ஸ்பெர்க்கைத் தாண்டியதும் நிலம் மடிந்து எழத் தொடங்கும், பசும்புல்லுக்குப் பின்னால் மலை தெரியும். ஷ்டைன்காடன் அருகே கிளைச்சாலையில் வீஸ்கிர்ஹே, அதாவது வீஸ் தேவாலயம். டொமினிகுஸ் சிம்மர்மன் 1745 முதல் 1754 வரை கட்டியது, கூரை ஓவியம் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் தீட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் சாதாரண வெள்ளைக் கட்டடம். கதவைத் திறந்தால் சாந்துப் பூச்சு எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். பார்க்கிங்குக்கு மட்டும்தான் கட்டணம். அரண்மனைக்கு வைத்திருக்கும் ஆசையில் பாதியை இங்கே செலவிடலாம்.

இனி நொய்ஷ்வான்ஷ்டைன். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-ல் தொடங்கினார். 1886 ஜூனில் அவர் இறந்து ஏழு வாரத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. டிக்கெட்டில் நுழைய வேண்டிய நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் டிக்கெட் வெறும் காகிதம். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்: கீழே ஹோஹென்ஷ்வாங்கௌ கிராமத்தில் வண்டியை நிறுத்தினால் அரண்மனை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நடந்து ஏற முப்பது நாற்பது நிமிடம். குதிரை வண்டி வாசல் வரை போகாது, இறங்கிய பிறகும் ஏற்றம் பாக்கி. பேருந்து மேலே மரியன் பாலத்துக்கு அருகில் விடும், அங்கிருந்து கால் மணி நேரம் இறங்க வேண்டும். பனி உறைந்தால் பேருந்தும் ஓடாது, பாலத்தையும் மூடிவிடுவார்கள். ஆகவே டிக்கெட் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிராமத்தில் இருங்கள். கோடையில் முன்பதிவு இல்லாமல் வந்தால் அன்றைக்கு உள்ளே போவது சந்தேகம்.

உள்ளே அரை மணி நேரச் சுற்று, கூட்டத்தோடு கூட்டமாக, படமெடுக்கத் தடை. பெரும்பாலான அறைகள் கட்டி முடிக்கப்படாதவை, அவற்றைக் காட்டுவதுமில்லை. சாலையிலிருந்து பார்க்கும் அரண்மனைதான் எல்லோருக்கும் தெரிந்த அரண்மனை. அதற்கு ஷ்வாங்கௌ புல்வெளியில் தனியாக நிற்கும் கோலோமன் தேவாலயத்தருகே நின்றாலே போதும், டிக்கெட் கிடையாது. கிராமத்துக்குப் பக்கத்திலேயே ஆல்ப்ஸே ஏரி, சுற்றி வர இரண்டு மணி நேரத்துக்குள் ஆகும். இருவர் மட்டும் வந்த பயணத்தில், வரிசையில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஃபூசனைத் தாண்டினால் ஆஸ்திரியா. ‘சும்மா பத்து நிமிடம் போய்வரலாம்’ என்று தோன்றும். ஒப்பந்தத்தில் எல்லை தாண்ட அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அந்நாட்டு வேகச்சாலைகளுக்கு ‘விக்னெட்’ என்ற தனிச் சுங்கச் சீட்டும் வேண்டும். ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லாததால் இது பலருக்கு நினைவுக்கே வராது.

மாதம் என்று கேட்டால் மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ரோத்தன்பர்க்கும் அரண்மனையும் பிதுங்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக வருவதானால் குளிர்கால டயர் போட்ட வண்டியா என்று முன்பதிவிலேயே எழுதி வாங்குங்கள். சாலையில் பனியோ உறைபனியோ இருக்கும்போது அது இல்லாமல் ஓட்டுவது குற்றம்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், ‘முழு டாங்க் எடுத்து முழு டாங்க் தருவது’ என்ற ஒப்பந்தமானால் கிளைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் அவர்கள் ஊற்றும் லிட்டருக்குப் பங்க் விலை வராது, சேவைக் கட்டணமும் சேரும். அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதைத் தவிர்க்கப் பாருங்கள். அடுத்த நாள் காலை அவர்கள் வண்டியைப் பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையது. வேறு வழியில்லையென்றால் நான்கு ரிம், இரண்டு பம்பர், கிலோமீட்டர் எண், எரிபொருள் முள், நிறுத்திய இடத்தின் எண் எல்லாம் தெரியும்படி படமெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு சாவியைப் போடுங்கள்.